பட்டாளத்துக்குப் போன முன்னோரின் ஓய்வூதிய ஆவணங்களைத் தேடுவது: முழுமையான வழிகாட்டி

"தாத்தா மிலிட்டரியில் இருந்தார், பென்ஷன் வாங்கினார்" என்ற ஒற்றை வரியோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் படியேறி, மாலையில் வெறுங்கையோடு இறங்கியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். காப்பகம் கடைசிப் படி; முதல் படி வீட்டுப் பரண்.

தமிழ்நாட்டிலிருந்து இந்திய ராணுவத்திலோ, 1947க்கு முந்தைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலோ, அதற்கும் முந்தைய மெட்ராஸ் ராணுவத்திலோ பணியாற்றியவர்களின் வாரிசுகளுக்காக இதை எழுதுகிறேன். பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு வழி வேறு. அவர்கள் நேராக 10ஆம் பகுதிக்குப் போகலாம்.

1. பரணிலிருந்து தொடங்குங்கள்

பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கறுப்புச் சாயம் பூசி, மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் எண், பதவி, பெயர் எழுதிய பெட்டி. உள்ளே இருந்த தாள்கள் கரையானுக்குப் போயிருக்கும். இப்போது அதில் பழைய புடவைகள் கிடக்கும். தாள்களைத் தேடும் அவசரத்தில் பலரும் மூடியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வெள்ளை எழுத்தில் இருப்பதுதான் ராணுவ எண். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தேடவேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம். அடுத்தது பிபிஓ எனப்படும் ஓய்வூதியக் கொடுப்பாணை. இரண்டும் இல்லையென்றால் மணியார்டர் கூப்பன், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கேன்டீன் அட்டை, சீருடைப் புகைப்படம், ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். நிலப் பத்திரத்திலும் பார்க்கலாம். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு நிலம் ஒப்படை செய்ததுண்டு. அந்த ஆணையில் பதவியும் எண்ணும் இருக்க வாய்ப்புண்டு.

பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதைப் பார்த்து "போலிப் பதக்கம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சுதந்திரத்துக்குப் பின் கொடுத்தவற்றில் மீண்டும் பெயர் வரும். புளி போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம். எழுத்து மழுங்கிவிட்டால் சான்று போய்விடும்.

கடிதங்களில் "56 ஏபிஓ" அல்லது "99 ஏபிஓ" என்ற முகவரி இருந்தால் அதை ஊராக எண்ணித் தேடாதீர்கள். அவை ராணுவ அஞ்சலின் தலைமை நிலையங்கள். இருக்குமிடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி ஒரு முகவரி. அதற்கு மேலே உள்ள வரியில் வரும் படைப்பிரிவுப் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது.

2. பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள்

ராணுவ அலுவலகங்களில் ஆவணங்கள் எண்வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே பட்டாலியனில் நான்கு ராமசாமிகள் இருந்திருப்பார்கள். எண் ஒருவருக்கு ஒன்றுதான். பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் "போதிய விவரம் இல்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் நியாயமும் உண்டு.

பெயர் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஆள் சேர்ப்பில் எழுதியவர் தமிழர் அல்லாதவராகவும் இருந்திருக்கலாம். காதில் விழுந்ததை ஆங்கிலத்திலோ ரோமன் எழுத்து உருதுவிலோ எழுதியிருப்பார். முனுசாமி, முனிசாமி, முனிஸ்வாமி மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம். பழனி "பலானி" ஆகியிருப்பார். நம் வழக்கப்படியான முதலெழுத்து பல இடங்களில் வராது. தந்தை பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். சாதிப் பெயர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. எனவே, சாத்தியமான எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹவில்தாராக இருந்தவர் நாயப் சுபேதாராக உயரும்போது "ஜேசி" என்று தொடங்கும் புது எண் பெறுவார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒன்றும் பதக்கத்தில் வேறொன்றும் இருப்பதைப் பார்த்து, இரண்டு பேரைப் பற்றிய தாள்கள் கலந்துவிட்டன என்று ஒரு நண்பர் ஆறு மாதம் குழம்பினார். இரண்டும் அவருடைய தாத்தாவின் எண்களே. கடிதத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். 1965க்கு முந்தைய தாள்களில் நாயப் சுபேதார் என்ற பதவிப் பெயரே வராது, "ஜமேதார்" என்றிருக்கும்.

மூன்றாவதாக, மாவட்டம். தாத்தாவின் ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது இங்கே உதவாது. அவர் படையில் சேர்ந்த நாளில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதே வேண்டும். தர்மபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ராணிப்பேட்டைக்காரரும் திருவண்ணாமலைக்காரரும் அன்று வட ஆற்காட்டுக்காரர்கள். தூத்துக்குடிக்காரர் திருநெல்வேலிக்காரர், அதையும் "டின்னெவெலி" என்றே எழுதியிருப்பார்கள்.

3. அவர் வாங்கியது ஓய்வூதியம்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்கியவர்கள்தான் அதிகக் காலத்தை வீணடித்தவர்கள். வீட்டில் "மிலிட்டரி பென்ஷன்" என்று சொல்லிவந்தது உண்மையில் ஐந்தாறு வகைப் பணங்களில் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொன்றின் கோப்பும் வெவ்வேறு அலுவலகத்தில் இருக்கும்.

சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை பணிக்கால ஓய்வூதியம் பெற 15 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. இரண்டாம் உலகப் போருக்காகச் சேர்ந்து 1946, 1947இல் விடுவிக்கப்பட்ட பெருங்கூட்டத்துக்கு அந்தத் தகுதி இல்லை. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆகவே 1942இல் சேர்ந்து 1946இல் வந்துவிட்டவருக்குப் பணிக்கால ஓய்வூதியக் கோப்பு இருக்காது. காயமோ நோயோ காரணமாக விடுவிக்கப்பட்டிருந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் இருந்திருக்கலாம். அதற்கு 15 ஆண்டுக் கணக்கு இல்லை. குறைந்த காலம் பணியாற்றி, பிறகு ரிசர்வ் பட்டியலில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு ஆனால் ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் உண்டு.

ஓய்வூதியமே இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி தருகிறது. பாட்டி வாங்கியது இதுவாக இருந்தால், பாதுகாப்புத் துறையிடம் பென்ஷன் கோப்பு கேட்டுப் பயனில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கவேண்டும்.

இன்னொரு குழப்பம் நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். சிங்கப்பூரிலோ மலேயாவிலோ நேதாஜி படையில் சேர்ந்தவர் பின்னாளில் பெற்றது தியாகி ஓய்வூதியம். ராணுவத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர்களும் உண்டு. தோட்டத்தில் வேலை செய்துகொண்டே சேர்ந்த சாதாரண மக்களும் உண்டு. பின்னவர்களுக்கு ராணுவ எண்ணே இருந்திருக்காது. இந்தக் கோப்புகள் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சுதந்திரப் போராட்ட வீரர் பிரிவிலும், மாநில ஓய்வூதியமென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்ந்த ஆண்டையும் வெளிவந்த ஆண்டையும் கழித்துப் பாருங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம், பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தாலுகா கருவூலமா, தபால்காரரா, வங்கியா, கலெக்டர் ஆபீஸா? "எவ்வளவு வந்தது" என்பதைவிட "எங்கே போய் வாங்கினார்" என்ற கேள்விக்குத்தான் சரியான பதில் வரும். தொகை மறந்துபோகும். மாதம் தவறாமல் நின்ற வரிசையை யாரும் மறப்பதில்லை.

4. ஒரே ஆள், மூன்று கோப்புகள்

ஒரு சிப்பாயின் ஓய்வூதிய விவரம் மூன்று இடங்களில் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. இது புரிந்துவிட்டால் யாரிடம் எதைக் கேட்பது என்பதில் தடுமாற்றம் வராது.

முதலாவது, அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். பணி விவரம் முழுவதும் இங்கே. ஷீட் ரோல் எனப்படும் தனிநபர் பணிப்பதிவு, உறவினர் பெயர்கள் அடங்கிய கிண்ட்ரெட் ரோல், திருமணமும் குழந்தைப் பிறப்பும் பதிவாகும் பார்ட் டூ ஆர்டர் எல்லாம் இங்கிருந்துதான் வரவேண்டும். குடும்ப வரலாறு எழுதுகிறவருக்கு இதுதான் சுரங்கம்.

இரண்டாவது, பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகள் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் (ஓய்வூதியம்) அலுவலகம். பழைய தாள்களில் "அலகாபாத்" என்று காண்பது இதுதான். ரெக்கார்ட்ஸ் அலுவலகம் அனுப்பும் கோரிக்கையைப் பார்த்து ஓய்வூதியத்தை அனுமதித்து பிபிஓ வெளியிடுவது இவர்கள் வேலை. விமானப் படைக்கும் கடற்படைக்கும் அனுமதிக்கும் அலுவலகங்கள் வேறு.

மூன்றாவது, பணத்தைக் கையில் கொடுத்த இடம்: கருவூலம், அஞ்சலகம், வங்கி, அல்லது டிபிடிஓ எனப்படும் பாதுகாப்பு ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம். கொடுப்பாணையில் ஓய்வூதியருக்கு ஒரு பிரதி, வழங்குபவருக்கு ஒரு பிரதி. வீட்டுப் பிரதி தொலைந்திருந்தாலும் மற்றது எங்கோ ஒரு கட்டில் இருந்திருக்கும்.

5. சரியான ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. என் தாத்தா "மெட்ராஸ் பட்டாளம்" என்று வீட்டில் சொல்வார்கள். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்கு எழுதிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். பிறகு பழைய புகைப்படம் ஒன்றின் பின்புறத்தில் "சப்பர்" என்ற சொல் கண்ணில் பட்டது. சப்பர் என்றால் பொறியாளர் படையின் சிப்பாய். அவர் இருந்தது மெட்ராஸ் சப்பர்ஸில், அதாவது இன்றைய மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில். அதன் ரெக்கார்ட்ஸ் பெங்களூருவில் இருக்கிறது. பெயரில் "மெட்ராஸ்" இருப்பதை வைத்து முடிவு செய்தது என் பிழைதான்.

பதவிப் பெயரே படைப்பிரிவைக் காட்டிக்கொடுக்கும். சப்பர் என்றால் பொறியாளர் படை, கன்னர் என்றால் பீரங்கிப் படை, சிக்னல்மேன் என்றால் சிக்னல்ஸ், கிராஃப்ட்ஸ்மேன் என்றால் இஎம்இ எனப்படும் மின்னணு, இயந்திரப் பொறியாளர் படை. வெறும் "சிப்பாய்" என்றிருந்தால் காலாட்படையாகவும் இருக்கலாம், வேறு பல பிரிவுகளாகவும் இருக்கலாம்.

தமிழர்கள் அதிகம் இருந்த பிரிவுகளின் ரெக்கார்ட்ஸ் அலுவலகங்கள்: மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டன்; மெட்ராஸ் என்ஜினியர் குரூப், பெங்களூரு; பயனியர் கோர், பெங்களூரு; பீரங்கிப் படை, நாசிக் ரோடு; சிக்னல்ஸ், ஜபல்பூர்; இஎம்இ, செகந்திராபாத்; ஆர்டனன்ஸ் கோர், செகந்திராபாத்; மருத்துவப் படை, லக்னோ; டிஎஸ்சி எனப்படும் பாதுகாப்புக் காவல் படை, கண்ணூர். விமானப் படையினருக்குப் புது தில்லி சுப்ரதோ பார்க். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை.

டிஎஸ்சி பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு பிரிவில் ஓய்வு பெற்றபின் மறுபடி டிஎஸ்சியில் சேர்ந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்கு இரண்டு பணிக்காலங்கள், இரண்டு ரெக்கார்ட்ஸ் அலுவலகங்கள், சிலருக்கு இரண்டு ஓய்வூதியங்களும் இருக்கும். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

6. கடிதத்தில் என்ன கேட்பது

"என் தாத்தாவைப் பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும்" என்று எழுதுவது நாம் எல்லோரும் முதலில் செய்வது. அதைப் படிக்கும் எழுத்தர் எந்த அலமாரியைத் திறப்பார்? ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் அவர் எழுந்து போய் எடுக்க முடியும்.

நான் இப்போது பயன்படுத்தும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ராணுவ எண் (இன்னது), பதவி (இன்னது), பெயர் (இன்னது), தந்தை பெயர் (இன்னது), அன்றைய ஊர், தாலுகா, மாவட்டம் (இன்னவை). சேர்ந்த ஆண்டு சுமார் 1943, விடுவிப்பு சுமார் 1961. நான் அவருடைய மகன் வழிப் பேரன். கீழ்க்கண்டவற்றின் நகல்கள் வேண்டும்: ஒன்று, ஷீட் ரோல்; அது இல்லையெனில் லாங் ரோல் பதிவின் சான்றிட்ட பகுதி. இரண்டு, பிபிஓ எண்ணும் நாளும். மூன்று, கிண்ட்ரெட் ரோல். நான்கு, குடும்ப நிகழ்வுகள் தொடர்பான பார்ட் டூ ஆர்டர்கள்." கடிதம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கட்டும். லாங் ரோல் என்பது என்ன என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

உறவுச் சான்றுகளைச் சங்கிலி விடுபடாமல் இணையுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்று, அவருக்கும் அப்பாவுக்கும் உள்ள உறவைக் காட்டும் வாரிசுச் சான்றிதழ், அப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒரு தாள். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கடிதம் திரும்பி வரும். அசலை அனுப்பவே வேண்டாம். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்திருங்கள்; பின்னால் மேல்முறையீடு வந்தால் அந்த நாள் தேவைப்படும்.

7. "அழிக்கப்பட்டுவிட்டது" என்ற பதில் வந்தால்

ஓய்வூதியம் பெறாமல் வெளியேறியவர்களின் பணிப்பதிவுகள் 25 ஆண்டு வைத்திருந்தபின் விதிப்படி அழிக்கப்படுகின்றன. எனவே போர்க்காலச் சிப்பாய்களின் வாரிசுகளுக்கு இந்தப் பதில் வருவது இயல்பு. ஓய்வூதியர்களின் கோப்புகளை அதைவிட நீண்ட காலம் வைத்திருப்பார்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். ஷீட் ரோல் அழிந்தாலும் லாங் ரோல் என்ற பதிவேடு நிற்கும். ஒரு ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள், வெளியேறிய நாள், காரணம். அந்த ஒரு வரியில் பல கேள்விகளுக்குப் பதில் இருக்கும். "காரணம்" என்ற கட்டத்தைக் கவனமாகப் படியுங்கள். தேவைக்கு மிகுதி என்று விடுவித்தார்களா, உடல் தகுதியின்மையா, ஒப்பந்தக் காலம் முடிந்ததா, சொந்த வேண்டுகோளா? 3ஆம் பகுதியில் நீங்கள் கேட்ட கேள்வி இங்கே தீரும்.

8. தகவல் உரிமைச் சட்டம்: எப்போது, எப்படி

சாதாரணக் கடிதத்துக்கு இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள். பிறகு 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். அஞ்சல் ஆணையாகவோ இணைய வழியிலோ கட்டலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். வரவில்லையென்றாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

"மூன்றாம் நபரின் சொந்தத் தகவல்" என்று மறுப்பது வழக்கம். இரண்டு பதில்கள் உங்களிடம் இருக்கவேண்டும். ஒன்று, உறவுச் சான்று. மற்றது, அதே சட்டத்தின் 8(3) பிரிவு: 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு, சில விலக்குகள் தவிர மற்றவை பொருந்தாது. 1961இல் ஓய்வு பெற்றவரைப் பற்றிய விண்ணப்பத்தில் இந்தப் பிரிவை முதலிலேயே குறிப்பிட்டுவிட்டால் ஒரு சுற்று மிச்சமாகும்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் கேட்காதீர்கள். "ஏன் அவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் தரவில்லை" என்பது விளக்கம் கேட்பது. சட்டம் ஆவணத்தைத்தான் தரும். "மருத்துவக் குழு அறிக்கையின் நகல்" என்று கேளுங்கள்.

மலேசியாவிலும் இலங்கையிலும் இருக்கும் உறவினர்கள் கவனிக்க: இந்தச் சட்டத்தில் விண்ணப்பிக்கும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கே. ஊரில் உள்ள சித்தப்பா மகனிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பிபிஓ எண் கிடைத்தால் அதன் முதல் எழுத்தைப் பாருங்கள். "எஸ்" பணிக்கால ஓய்வூதியம், "டி" ஊனமுற்றோர், "எஃப்" குடும்ப ஓய்வூதியம். கடைசியில் வருவது ஆணை வெளியான ஆண்டு. தொகை திருத்தப்பட்டபோதெல்லாம் திருத்த ஆணை வெளியாகி, வேறு எண்ணும் சேர்ந்திருக்கும். பாட்டி இன்னும் ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால், கணக்கு ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்புக்கு மாறியிருக்கும். அங்கே காணும் புது எண்ணோடு பழைய எண்ணையும் சேர்த்தே கேளுங்கள். பழைய கோப்பு பழைய எண்ணில்தான் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது.

9. உள்ளூர் அலுவலகங்கள்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள். கடிதம் அங்கே அவ்வளவாக வேலை செய்யாது. தாத்தா அங்கே பதிந்திருந்தால் பதிவு எண், ராணுவ எண், பிரிவு மூன்றும் ஒரே அட்டையில் இருக்கும். வீட்டில் எந்தத் தாளும் இல்லாதவர்கள் இதையே முதல் படியாக வைத்துக்கொள்ளலாம்.

சார்நிலைக் கருவூலத்தில் பழைய பதிவேடு கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கிடைத்தால், ஓய்வூதியரின் அங்க அடையாளம் எழுதிய பகுதியைத் தவறவிடாதீர்கள். உயரம், இடது கன்னத்தில் மச்சம், வலது முழங்காலில் தழும்பு, பக்கத்தில் பெருவிரல் ரேகை. புகைப்படமே இல்லாத ஒரு முன்னோரின் முகத்துக்கு இவ்வளவு அருகில் வேறு எந்தத் தாளும் உங்களைக் கொண்டுபோகாது.

10. பாண்டிச்சேரி, காரைக்கால் 'சொல்தா' குடும்பங்கள்

பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கு மேலே சொன்ன எந்த அலுவலகமும் பொருந்தாது. அவர்களுடைய ஓய்வூதியம் பிரான்ஸ் அரசு தருவது. தேவையானது மத்ரிக்யூல் எனப்படும் பதிவு எண். படைவீரர்களின் தனிக்கோப்புகளுக்குத் தென்மேற்கு பிரான்சில் போ நகரில் உள்ள ராணுவப் பணியாளர் காப்பகம். குடியேற்ற ஆட்சி ஆவணங்களுக்கு எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரின் கடல்கடந்த நாடுகளின் காப்பகம். கடிதம் பிரெஞ்சில் இருக்கவேண்டும். பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அதே எழுத்தில் எழுதுங்கள்.

11. 1947க்கு முன்: இப்போது காப்பகத்துக்குப் போகலாம்

போரில் இறந்தவரா? அப்படியானால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலை முதலில் பாருங்கள். 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரையும், 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரையும் இறந்தவர்கள் இதில் உண்டு. பல பதிவுகளில் தந்தை அல்லது மனைவி பெயரும் ஊரும் இருக்கும். ஈராக்கின் பஸ்ரா, சிங்கப்பூரின் கிராஞ்சி, மியான்மரின் தௌக்யான் நினைவிடங்களில் தமிழ்ப் பெயர்களைக் காணலாம். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைத்திருந்தால் அந்தப் பதிவில் உள்ள ராணுவ எண்ணைக் கொண்டே தேடவேண்டும். உயிரோடு திரும்பியவர் இந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். அங்கே பெயர் இல்லை என்பதால் அவர் போருக்கே போகவில்லை என்று எண்ணவேண்டாம்.

பட்டாலியன் எண் மாறிய கதை தெரியாமல் காப்பகத்தில் எதையும் பிடிக்க முடியாது. மெட்ராஸ் ராணுவம் தனி அமைப்பாக இருந்தது 1895 வரை. 1903இல், கிச்சனர் தலைமைப் படைத்தளபதியாக இருந்த காலத்தில், மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்களின் எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 3ஆம் மெட்ராஸ் காலாட்படை இப்படித்தான் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 1922இல் மறுபடி ஒரு பெரிய மாற்றம். மிஞ்சியவை 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டாகச் சேர்க்கப்பட்டு, அதுவும் அந்தப் பத்தாண்டுக்குள் கலைக்கப்பட்டது. மெட்ராஸ் பயனியர் படை 1933இல் கலைந்தது. இரண்டாம் உலகப் போரின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது. 1910இல் ஒருவர் "73" என்று தோளில் அணிந்திருந்தால், அவருடைய அப்பாவின் பட்டாலியன் "13" ஆக இருந்திருக்கும். புகைப்படத்தில் இருவரையும் வேறுவேறு படை என்று நினைத்துவிடாதீர்கள்.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் அரசின் ராணுவத் துறை ஆவணங்கள் 1752 முதல் இருக்கின்றன. ஆய்வாளராகப் பதிவு செய்ய அடையாளச் சான்றும் நோக்கக் கடிதமும் தயாராக இருக்கட்டும். தொகுதியைக் கேட்டு உட்காராதீர்கள். முதலில் அந்த ஆண்டின் அகரவரிசைக் குறிப்பேட்டைக் கேளுங்கள். அதில் முன்னோரின் பெயரைத் தேடுவது வீண். சாதாரணச் சிப்பாய் பெயரோடு தோன்றுவது, அவர் வழக்கு அரசுவரை போனால்தான்: விதவை மனு, மறுக்கப்பட்ட ஓய்வூதியம், வீரச் செயலுக்கான கூடுதல் தொகை. எனவே "ஓய்வூதியம்", "இன்வாலிட்" (உடல் தகுதியிழந்தவர்), "குடும்ப ஓய்வூதியம்", பட்டாலியன் பெயர் ஆகிய தலைப்புகளில் பாருங்கள்.

1895க்குப் பிந்தைய ராணுவக் கோப்புகளைப் புது தில்லி ஜன்பத்தில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடவேண்டும். துறையின் பெயர் மிலிட்டரி டிபார்ட்மென்ட், ஆர்மி டிபார்ட்மென்ட், டிஃபென்ஸ் டிபார்ட்மென்ட் என்று மாறிவந்திருக்கிறது, மூன்றிலும் தேடுங்கள். அபிலேக் படல் என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடி, கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டபின் ரயில் டிக்கெட் எடுத்தால் போதும்.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அங்குள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்/மில்/11 என்ற வரிசை மெட்ராஸ் ராணுவத்துக்கானது. எல்/மில்/14 பிற்கால இந்திய ராணுவத்தின் அதிகாரிகளுக்கானது. இவற்றில் பெயர் வாரியாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். சிப்பாய்களின் தனிப்பதிவுகள் அவரவர் ரெஜிமென்ட்டிலேயே இருந்தன, கப்பலேறவில்லை. முன்னோர் அதிகாரியாகவோ ஆங்கிலோ இந்தியராகவோ இருந்தாலொழிய லண்டனுக்குச் செலவு செய்யாதீர்கள். பஞ்சாபில் முதல் உலகப் போர் வீரர்களின் கிராமவாரிப் பதிவேடுகள் லாகூரிலிருந்து கிடைத்து இணையத்தில் ஏறியிருக்கின்றன. அதில் தேடி ஏமாந்த தமிழர்களும் உண்டு. அது பஞ்சாபுக்கு மட்டுமானது.

12. கிடைத்ததைச் சரிபாருங்கள்

தாள் கையில் வந்ததும் எல்லோருக்கும் ஒரு பரவசம் வரும். அப்போதுதான் தவறான தாத்தாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம். எண், தந்தை பெயர், ஊர் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தவேண்டும். பெயரும் மாவட்டமும் மட்டும் பொருந்தினால் போதாது. பிறந்த ஆண்டு இரண்டு மூன்று ஆண்டு தள்ளி இருப்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஆள் சேர்ப்பில் வயதைக் கூட்டிச் சொல்வது சகஜம். கிண்ட்ரெட் ரோலில் மனைவி பெயர் வேறாக இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் பக்குவமாகக் கேளுங்கள். முதல் திருமணம் என்று ஒன்று இருந்ததை அந்தத் தாள்தான் முதல்முறையாகச் சொல்வதும் உண்டு.

எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில், என்ன கேட்டு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். "இல்லை" என்ற பதிலையும் எழுதுங்கள், கடித எண்ணோடு. அடுத்த அலுவலகம் "அங்கே கேட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்கும்.